கேள்விக்குறி உதிர்ந்த அட்டை

வன்னியில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் பதிவறையில் வேலை செய்கிறேன். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பி.எச்.ரி. எனப்படும் சிகிச்சைக் குறிப்புச் சீட்டுகள் விடுதிகளிலிருந்து கட்டுக்கட்டாக எனது மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் வாசித்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பின்படி குறியீடு இட்டு, காலாண்டுக்கு ஒருமுறை கொழும்புக்குப் போகும் திரட்டில் சேர்ப்பது எனது கடமை. எலிக்காய்ச்சலும் பாம்புக்கடியும் என்னைத் தடுமாற வைப்பதில்லை. ‘மூட் சுவிங்ஸ்’ (மனநிலை ஊசலாட்டம்) என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடும் சீட்டுத்தான் என் பேனையை நிறுத்திவிடும்.

அந்த இரண்டு சொற்களுக்குள் ஏழெட்டு நோய்கள் ஒளிந்திருக்கலாம். ஒரு வாரமாக நித்திரை தேவைப்படாமல், ஓயாது பேசி, கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்து நின்றவர் முதற்தடவையாக அப்படி ஆனவரென்றால் எஃப் 30 என்ற குறியீடு. அத்தகைய ஏற்றமோ, அதற்கு எதிரான இறக்கமோ முன்பும் வந்து போயிருந்தால்தான் எஃப் 31, அதாவது இருமுனை மனநிலைக் கோளாறு. சிறு சிறு ஏற்ற இறக்கங்களாகவே ஆண்டுக்கணக்கில் நீண்டால் எஃப் 34.0. பாரிசவாதத்துக்குப் பின்னர் அடக்க முடியாமல் அழுகை பொங்கி வருபவருக்கு எஃப் 06.6 பொருந்தலாம். இவற்றில் எதுவும் உறுதிப்படாவிட்டால், உணர்ச்சிநிலை சார்ந்த அறிகுறிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆர் 45 இருக்கிறது. அதைச் சோம்பலின் குறியீடு என்று சொல்பவர்களை நான் அறிவேன். எனக்கோ, தெரிந்தவரை மட்டும் சொல்லும் நேர்மையான குறியீடு அதுதான்.

குறியிடும் விதிகளில் ஒன்று எப்போதும் என் மனதை உறுத்துவது. அறிகுறியை எழுதி, அது இந்த நோயாலோ அந்த நோயாலோ வந்திருக்கலாம் என்று வைத்தியர் குறித்திருந்தால், நாங்கள் அறிகுறியையே குறியிட வேண்டும். ஆனால் ஒரேயொரு நோயின் பெயரை மட்டும் எழுதி, அருகில் ‘சந்தேகம்’ என்றோ கேள்விக்குறி ஒன்றோ போட்டிருந்து, வேறெந்தத் தகவலும் இல்லையென்றால், அந்த நோய் உறுதிப்பட்டதாகவே கொண்டு குறியிட வேண்டும். வைத்தியர் ஐயத்தோடு போட்ட ஒரு கேள்விக்குறி, எனது மேசையைத் தாண்டும்போது இல்லாமல் போகிறது.

ஆகவே, சீட்டில் இன்னும் நான்கு வரிகள் இருந்தால் எவ்வளவோ மாறும். மாற்றம் மணித்தியாலக் கணக்கில் வருகிறதா, கிழமைக் கணக்கில் நீடிக்கிறதா. நித்திரை குறைந்தும் உடம்பு உற்சாகமாக இருக்கிறதா, நித்திரையின்றிச் சோர்ந்து கிடக்கிறதா. மது, வேறு மருந்து, தைரொயிட், வலிப்பு, அண்மைய பிரசவம் ஏதேனும் உண்டா. வயலுக்கோ வேலைக்கோ போக முடிகிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காலத்தில் வருகிறது என்பது எழுதப்பட வேண்டும். வன்னியில் காலம் என்பது வெறும் திகதி அல்ல. 2009 மே மாதத்தை முள்ளிவாய்க்காலில் கடந்து வந்தவர்களுக்கு, ஒவ்வொரு வைகாசியும் உடம்புக்குள்ளேயே வந்து இறங்குகிறது.

மொழியும் இங்கே பெரிய சிக்கல். நோயாளி தமிழில் சொல்வதை, சில வேளைகளில் சிற்றூழியர் ஒருவர் மொழிபெயர்க்க, சீட்டில் ஆங்கிலத்தில் ஏறுகிறது. “எனக்கு விசர் வருது” என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால் எரிச்சல் தாங்க முடியவில்லை என்று பொருள். அது புத்தி பேதலிப்பதாக எழுதப்பட்டதைக் கண்டிருக்கிறேன். “ஒரே யோசனை” என்றால் கவலை அரிக்கிறது என்று பொருள். அது ‘அதிகம் சிந்திக்கிறார்’ என்று ஏறியிருந்தது. நோயாளியின் வாக்கியத்தை, அவர் சொன்ன தமிழிலேயே, மேற்கோளுக்குள் ஒரு வரி எழுதிவைப்பதைத் தடுக்கும் விதி எதையும் நான் அறியேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாயின் சீட்டு என்னிடம் வந்தது. ‘மூட் சுவிங்ஸ், இருமுனைக் கோளாறு?’ என்றிருந்தது. விதிப்படி எஃப் 31 இட்டேன். பின்னால் உளவளத்துணையாளர் தமிழில் எழுதிக் கோத்திருந்த தாளை நான் புரட்டவில்லை. அது என் தவறு. வீட்டுக்குப் போகும்போது அவருடைய கையில் கொடுக்கப்பட்ட டயக்னோசிஸ் அட்டையில், அதாவது நோயின் பெயர் எழுதிய அட்டையில், கேள்விக்குறியும் உதிர்ந்திருந்தது. அடுத்த மே மாதம் அவர் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, சீட்டின் முதல் வரியே ‘ஏற்கெனவே இருமுனைக் கோளாறு உள்ளவர்’ என்று தொடங்கியது. இரண்டாம் முறை வந்ததே முதல் முறை எழுதியதற்குச் சாட்சியாகிவிட்டது.

அந்தப் பெயர் சும்மா இருப்பதில்லை. அதன் பின்னே லித்தியம் என்ற மருந்தும் இரத்தப் பரிசோதனைகளும் வரும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணென்றால் கருவைப் பாதிக்கக்கூடிய வல்புறோயேற் என்ற மருந்து பற்றிய கேள்வியும் வரும். உண்மையிலேயே இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அந்தப் பெயர் கிடைக்காமற் போவதும் அதேயளவு கேடுதான். மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் மறுபக்கம் எகிறிவிடும்.

இம்முறை பின்தாளைப் புரட்டினேன். “வைகாசி பிறந்தா நித்திரை இல்லை. மகன்ர சட்டையை மடியில வைச்சுக்கொண்டு இருப்பன். ஆனி நடுவில சரியாப் போயிடும்” என்று அந்தத் தாய் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருந்தது. துண்டு வெட்டப்பட்டிருந்தும், அவர் இன்னமும் வீட்டுக்குப் போகாமல் விடுதியில் இருந்தார். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. அன்று பின்னேரம் அந்தத் தாயின் கட்டிலருகில் நெடுநேரம் இருந்து கதைத்தார். புதிய அட்டையில் பழைய பெயரை வெட்டிவிட்டு, ஆண்டுதோறும் மே மாதத்தில் வரும் அறிகுறிகளையும், மனநிலை ஏற்றம் ஏதும் ஒருபோதும் காணப்படாததையும், மேலும் அவதானிக்க வேண்டியிருப்பதையும் எழுதினார்.

அந்தச் சீட்டுக்கு ஆர் 45.8 இட்டேன். முதல் ஆண்டில் நான் இட்ட எஃப் 31 அதற்கு முன்பே கொழும்புக்குப் போய், அந்தக் காலாண்டின் கூட்டுத்தொகையில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டிருந்தது.