கோத்தகிரியில் ஒரு செல்போன் டவர் கடிகாரம்: 10 மைக்ரோவிநாடித் துடிப்பைக் கணினிக்குள் கொண்டுவந்தது

பழைய செல்போன் டவரிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ் அதிர்வெண் பெட்டி ஒன்று போன கோடையில் கைக்கு வந்தது. சிடிஎம்ஏ என்ற பழைய செல்போன் முறையின் டவர்கள் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் ஓட ஜிபிஎஸ் கடிகாரம் தேவைப்பட்டது. டவர்களைக் கழற்றியபோது பெட்டிகள் உபரிச் சந்தைக்கு வந்துவிட்டன. உள்ளே, சூடு மாறாத சிறு கூட்டுக்குள் அடைத்த குவார்ட்ஸ் கிரிஸ்டல். அதை ஜிபிஎஸ் சிறுகச் சிறுகத் திருத்திக்கொண்டே இருக்கும். வெளியே வருவது 10 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு ஒரு துடிப்பு, ஒன்பது பின் சீரியல் போர்ட்.

சில மாதம் 10 மெகாஹெர்ட்ஸை மட்டும் ரேடியோவுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். பெட்டியில் ஒரு விளக்குகூட இல்லை. அது ஜிபிஎஸ்ஸைப் பிடித்திருக்கிறதா, தன்போக்கில் ஓடுகிறதா என்று கணினியைக் கேட்டால்தான் தெரியும்.

முதலில் ஆன்டெனா. வீட்டுக்கு மேற்கே மேடு, கிழக்கே தேயிலைச் சரிவு, நடுவில் சில்வர் ஓக் மரங்கள். ஊட்டிப் பக்கம் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியை வைத்தவர்கள் ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். சரிவும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால், 530 மீட்டர் நீளக் கருவியை ஒரே அச்சில் திருப்பி வானத்தைத் தொடர முடிகிறது. எனக்கு வாய்த்த சரிவோ பாதி வானத்தை மறைத்தது. தகரக் கூரைக்கு மேல் இரண்டு மீட்டர் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனாவை வைத்தேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டே, "பனி இறங்கிட்டா சிக்னல் எப்படிங்க வரும்?" என்று கேட்டார். ஜிபிஎஸ் வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. வேலிகூடத் தெரியாத ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன், சிக்னல் அளவு அசையவே இல்லை. மழையில் நனைந்த ஓக் இலைகள்தான் குறைத்தன. பருவமழைக்கு முன் நிழல் மரங்களைக் கழிக்கும்போது அந்தப் பக்கத்துக் கிளைகளையும் அவரே இறக்கிக் கொடுத்தார்.

பெட்டி 2000 அளவீடு எடுத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொண்டது. விநாடிக்கு ஒன்று என்றால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உயரம் மட்டும் வரைபடத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 90 மீட்டர் குறைவாக வந்தது. அது பிழை இல்லை. ஜிபிஎஸ் பூமியைக் கணிதமாக வரைந்த நீள்கோளத்திலிருந்து அளக்கிறது, வரைபடம் கடல் மட்டத்திலிருந்து. நம் பக்கத்தில் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு அவ்வளவு கீழே கிடக்கிறது.

சீரியல் இணைப்பு சிரமம் தரவில்லை. 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை. ஒவ்வொரு செய்தியும் 16 என்ற பைட்டில் தொடங்கி 16, 3 என்று முடிகிறது. தரவுக்குள்ளேயே 16 வந்தால் இரண்டு முறை அனுப்புகிறது. அதைக் கவனிக்காமல் எழுதிய என் முதல் பைதான் நிரல் எங்காவது ஓரிடத்தில் தடுமாறி நின்றது. திருத்தியபின் நேரம் கச்சிதமாக வந்தது, தேதி மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால். ஜிபிஎஸ் வாரத்தை 10 பிட்டில் எண்ணுகிறது, 1024 வாரம் ஆனதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். பழைய மென்பொருளுக்கு எத்தனையாவது சுற்று என்பது தெரியாது. 7168 நாளைக் கூட்டினேன், தேதி சரியாகிவிட்டது. மணி, நிமிடம், துடிப்பு எதையும் இந்தக் கோளாறு தொடுவதில்லை.

அதிக நாள் பிடித்தது துடிப்புதான். அதன் அகலம் வெறும் 10 மைக்ரோவிநாடி. அதைச் சீரியல் போர்ட்டின் முதல் பின்னுக்குக் கொடுத்தேன். லினக்ஸ் வந்து பார்ப்பதற்குள் துடிப்பு முடிந்துபோயிருந்தது. துடிப்பை நீட்டும் 74123 சிப் ஒன்றை வைத்து, தொடக்க விளிம்பை அப்படியே விட்டு, அகலத்தை மட்டும் 100 மில்லி விநாடிக்கு நீட்டினேன். அடுத்து, சிக்னலைச் சீரியல் போர்ட்டின் மின்னழுத்தத்துக்கு மாற்றும் மேக்ஸ்232 சிப், அதிலிருந்து போர்ட்டுக்கு. துடிப்பு கணினியில் பதிவாகத் தொடங்கியது. கணினி நேரத்தைத் திருத்தும் குரோனி நிரலும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இணையத்து நேரச் சர்வர்களோடு ஒப்பிட்டால் என் கணினி 100 மில்லி விநாடி பின்தங்கி நின்றது. எல்லாச் சர்வரும் ஒரே அளவைச் சொன்னதால் இணைய வேகத்தைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு இரவு கேபிளையும் அமைப்புக் கோப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆசிலோஸ்கோப்பில் இரண்டு கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. மேக்ஸ்232 சிக்னலைத் தலைகீழாக்குகிறது. துடிப்பு ஏறும் இடத்தில் போர்ட்டுக்குப் போகும் கோடு இறங்குகிறது. கணினி ஏறும் விளிம்புக்காகக் காத்திருந்து, நான் நீட்டிய துடிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. 74123 சிப்பின் எதிர்மறை வெளியீட்டுக்கு வயரை மாற்றிச் சால்டர் வைத்தேன். 100 மில்லி விநாடி மறைந்தது.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகவும் முயன்றேன், பரிந்துரைக்க மாட்டேன். கணினி அதை 1 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கிறது, துடிப்பும் அந்த அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. நிஜ சீரியல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் அலைவு சில மைக்ரோவிநாடிதான். துடிப்பு விநாடி தொடங்கும் கணத்தை மட்டுமே சொல்லும், எந்த விநாடி என்று சொல்லாது. அதை இப்போதைக்கு இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இணைத்தபின் கிடைத்த பெரிய பலன் கிரிஸ்டலைத் திருத்தும் மின்னழுத்தத்தின் வரைபடம். அது என் அறையின் குளிரை அப்படியே வரைகிறது. விடியற்காலையில் ஒரு பள்ளம், மதியம் ஒரு மேடு. தெர்மாகோல் பெட்டியால் மூடி, காற்றுக்கு மேலே ஒரு துளை விட்டதும் மேடு பாதியாகத் தணிந்தது. துளை இல்லாமல் மூடிய முதல் நாள் பெட்டி தொட முடியாத அளவு சூடாகிவிட்டது.

ஐப்பசி இடிமழைக்கு முன், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இடித்தடுப்பான் வைத்து எர்த் கம்பி இறக்க வேண்டும். கம்பி வாங்கியாகிவிட்டது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வருகிறேன் என்றிருக்கிறார்.