வெள்ளமும் உணவு வலையும்: விடையில் மாதத்தை எழுதுங்கள்

வெப்பமண்டல ஆறுகளில் பருவ வெள்ளம் உணவு வலையை எப்படி வடிவமைக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில்தான் இருக்கும்: வெள்ளம் சத்துகளைக் கொண்டுவருகிறது, பாசி வளர்கிறது, மீன் பெருகுகிறது. தவறு என்று அடித்துவிட முடியாது, முழு மதிப்பெண்ணும் கிடைக்காது. யார், எதை, எந்த மாதத்தில், எங்கே தின்கிறார்கள் என்பது அதில் இல்லை. சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி மேல்நிலை உயிரியலோ பல்கலைக்கழகச் சூழலியலோ, மதிப்பெண் அந்த விவரத்தில்தான் இருக்கிறது.

கோட்பாட்டுக்கு இரண்டு வரி போதும். 1980-இல் வானோட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் முன்வைத்த ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்து, உணவு மேலிருந்து கீழே ஆற்றோடு வருகிறது என்றது. 1989-இல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் மூவரும் சொன்ன வெள்ளத் துடிப்புக் கருத்து பார்வையைப் பக்கவாட்டுக்குத் திருப்பியது: பெரிய ஆறுகளில் மீனின் பெரும்பகுதி ஆற்றுக்கும் சமவெளிக்கும் இடையே நீர் ஏறி இறங்குவதால் விளைகிறது. பலர் இங்கேயே ஒரு பக்கம் நிரப்பி நேரத்தை இழக்கிறார்கள்.

படிக்கும்போது ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, அடியில் 12 மாதங்களைக் குறித்து, மேலே நீர்மட்டக் கோட்டை வரையுங்கள். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியை எடுத்துக்கொள்வது நல்லது. நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, எண்களும் மனத்தில் நிற்கும். கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர், ஆழம் ஒரு மீட்டர் அளவு. மெக்கோங் பெருகும்போது தொன்லே சாப் ஆறு பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்ப, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரியும், ஆழம் 9 மீட்டரைத் தொடும். இனி அந்தக் கோட்டின் நான்கு பகுதிகளிலும் (நீர் ஏறுவது, உச்சம், வடிவது, கோடையின் தாழ்ந்த மட்டம்) தனித்தனி உணவு வலை வரையுங்கள். ஒரே படத்தில் எல்லா அம்புகளையும் போடுவதுதான் முதல் பிழை.

நீர் ஏறும்போது மெக்கோங்கில் பல மீன்கள் ஆற்றின் மேற்பகுதியில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து, திரும்பி ஓடும் ஆற்றின் வழியே ஏரிக்கும் வெள்ளக்காட்டுக்கும் வந்துசேர்கின்றன. உச்ச வெள்ளத்தில் மீன்கள் காட்டுக்குள் பரவிவிடும். இலைகளில் படிந்த பாசி, உதிரும் பூச்சி, பழம், விதை எல்லாம் உணவு. அமேசானின் தம்பாக்கி மீன் வெள்ளக்காட்டில் விழும் விதைகளைக் கடித்து நொறுக்கிக் கொழுப்புச் சேர்ப்பது இந்தக் காலத்தில்தான். கவனிக்க வேண்டியது: மீன் தின்னும் மீன்களுக்கு இது மெலிந்த காலம். இரை ஏராளம், ஆனால் பரந்த நீரில் கலைந்து, கிளைகளுக்கிடையே ஒளிந்திருக்கும். “வெள்ளத்தில் எல்லோருக்கும் உணவு அதிகம்” என்று எழுதினால் அந்த இடத்தில் மதிப்பெண் போய்விடும்.

வடியும்போது கதை மாறுகிறது. கொழுத்த மீன்கள் குறுகிய வாய்க்கால்கள் வழியே ஆற்றுக்குத் திரும்பும். வேட்டை மீன்கள் அந்த வாய்களில் காத்திருக்கும். மனிதரும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்: தொன்லே சாப் ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கட்டும் ‘டாய்’ பை வலைகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பௌர்ணமிக்கு முந்திய நாள்களில் பிடிப்பு உச்சம் தொடும். நம் நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுவோர் தேடும் பீக்காக் பாஸ், சொந்த ஊரான தென்னமெரிக்காவில் இதே உத்தியில் கொழுக்கிறது. வெனிசுவேலாவின் சினருக்கோ ஆறு சத்துக் குறைந்தது. செழிப்பான சமவெளிகளிலிருந்து நீர் வடியும் பருவத்தில் வரும், சேற்றை மேயும் செமாப்ரோகிலோடஸ் மீன்கள்தான் அதற்குப் பெரிய வரவு. வேறொரு நிலத்தின் விளைச்சல் மீனுடலில் ஏறி வருகிறது என்று இதை விளக்கினால், உணவு வலையின் எல்லை ஆற்றங்கரையோடு முடிவதில்லை என்பதையும் காட்டிவிடலாம்.

உச்ச வெள்ளத்தோடு ஆக்சிஜனையும் சேருங்கள். மூழ்கிய இலைதழை அழுகும்போது ஆக்சிஜன் சரியும். தம்பாக்கி கீழுதட்டை நீட்டி மேற்பரப்பு நீரை உறிஞ்சும். விரால், பனையேறிக் கெண்டை காற்றையே சுவாசிக்கும். யார் எங்கே மேய முடியும் என்பதை உணவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

அதிகம் சறுக்கும் இடம் ஐசோடோப்புக் கேள்வி, அதாவது தசையிலுள்ள கார்பன், நைட்ரஜன் அணுக்களின் எடை வகைகளை வைத்து மீன் எதைத் தின்றது என்று கண்டறிவது. அமேசான் வெள்ளச் சமவெளியில் மிதக்கும் சி4 புற்கள் (ஒளிச்சேர்க்கை முறை மரங்களின் சி3 முறையிலிருந்து வேறு, அதனால் கார்பன் அடையாளமும் வேறு) கண்ணுக்கெட்டியவரை நிற்கும். எக்கினோக்ளோவா என்ற புல் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 100 டன் அளவுக்கு உலர் எடை தரக்கூடியது. ஆனாலும் மீன்களின் தசையில் அந்தப் புல்லின் கார்பன் குறைவாகவே தெரிகிறது. மிதவைப் பாசி போன்ற, கண்ணில் படாத சிறு உயிரிகளின் பங்கு பெரியது. நார் குறைந்த பாசி எளிதில் செரிக்கும். புல்லின் பெரும்பகுதி அழுகி நுண்ணுயிரிகளின் சுவாசத்தில் கரைந்துவிடும். அதிக விளைச்சல் தருவது வலையின் அடித்தளமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

கணக்கு இப்படி வரும். கார்பன்-13 அளவு (ஆயிரத்துக்கு இவ்வளவு, ‰) பாசி −34, சி4 புல் −13, உணவுநிலைத் திருத்தத்துக்குப் பிறகு மீன் −31 என்று கொடுத்தால், பாசிக்கும் மீனுக்கும் இடைவெளி 3, பாசிக்கும் புல்லுக்கும் 21; புல்லின் பங்கு 3-ஐ 21-ஆல் வகுத்து ஏறத்தாழ 14 விழுக்காடு. இங்கே நிறுத்திவிடாதீர்கள். காட்டு மரங்களின் சி3 இலை −28 அளவில் இருக்கும். பாசியும் மர இலையும் பாதிக்குப் பாதி என்றாலும் அதே −31 தான் வரும். மூன்று மூலங்களை ஒரே ஐசோடோப்பால் பிரிக்க முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். இரைப்பை ஆய்வோ இன்னொரு தனிமத்தின் ஐசோடோப்போ வேண்டும் என்று சேருங்கள். உணவுநிலைக்கு நைட்ரஜன்-15: உணவுச் சங்கிலியில் ஒரு நிலை ஏறினால் அளவு சுமார் 3.4 கூடும். நத்தை 5.0, வேட்டை மீன் 9.8 என்றால் இடைவெளி 4.8, 3.4-ஆல் வகுத்தால் 1.4, நத்தை இரண்டாம் நிலை என்பதால் மீன் 3.4-ஆம் நிலை. இரண்டைக் கூட்ட மறப்பவர்கள் நிறைய. இன்னொன்று, தசை மாற வாரங்கள், மாதங்கள் ஆகும். கோடையில் பிடித்த மீனின் தசை வெள்ளக்காலத்துச் சாப்பாட்டையும் சொல்லக்கூடும்.

சிங்கப்பூரிலிருந்து எடுத்துக்காட்டு தரத் துடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாலையில் ஒரு மணி நேரம் தேங்கும் திடீர் வெள்ளம் வெள்ளத் துடிப்பு ஆகாது. உயிரினங்கள் அதற்கேற்ப இனப்பெருக்கத்தைப் பழக்கிக்கொள்ள முடியாது. சுங்கை பூலோவில் ஏறி இறங்குவது கடலின் ஓதம். நீ சூன் நன்னீர்ச் சதுப்புக்காடு ஒப்பிட நல்லது, ஆனால் அங்கே அமேசான் பகுதியின் மனாவுஸ் நகரைப் போல ஆண்டுக்கு 10 மீட்டர் நீர்மட்டம் ஏறி இறங்குவதில்லை. மண்டாய் ரிவர் வொண்டர்ஸின் அமேசான் வெள்ளக்காட்டுத் தொட்டியைப் பார்த்தால் உச்ச வெள்ளம் கண்ணில் பதியும். நீர் வடியும் மற்ற மாதங்களை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டும். ஓக்கவாங்கோ கேட்டால் கவனம்: மழை பெய்வது அங்கோலாவில், வெள்ளம் போட்ஸ்வானாவின் டெல்டாவில் உச்சம் தொடுவது அங்கே வறண்ட காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மழை மாதத்தையே வெள்ள மாதமாகக் குறித்துவிட்டால் மீதிப் படமும் கெட்டுவிடும்.

கடைசி உட்கேள்வி பெரும்பாலும் அணையாக இருக்கும். “மீன் பாதை அடைபடும்” என்பதோடு விடாமல் நீர்மட்டக் கோட்டையே திருத்தி வரையுங்கள்: உச்சம் தாழும், கோடை மட்டம் உயரும். உச்சம் தாழ்ந்தால் மூழ்கும் காடு சுருங்கும், மேய்ச்சல் குறையும். கோடை மட்டம் உயர்ந்தால் சில மாதமாவது வேர் காய வேண்டிய ஏரிக்கரை மரங்கள் ஆண்டு முழுவதும் நீரில் நின்று சாகும். இரை குவியும் நாள்களும் குறையும் என்பதால் வேட்டை மீனுக்கும் நீர்ப்பறவைக்கும் இழப்பு. இரண்டு மாற்றங்களையும் தனித்தனி அம்புகளாகக் காட்டுங்கள்.