பென்சில் கோடு போட்ட வரி

2007-இல் கும்பகோணத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். டெபாசிட் போட வருகிறவர்களை யூலிப் பாலிசி பக்கம் திருப்புவதுதான் முக்கிய வேலை. ஆயுள் காப்பீட்டோடு, கட்டும் பணத்தை யூனிட் என்ற சிறு பங்குகளாகச் சந்தையில் போடும் பாலிசி அது. "மூணு வருஷம் கட்டினா போதும் சார், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று பேசச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்போது லாக்-இன், அதாவது பணத்தை எடுக்க முடியாத காலம், 3 வருடம் என்பது உண்மைதான். ஆனால் அப்படி எடுத்தால் கையில் என்ன மிஞ்சும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் பிரீமியத்தில் என்னிடம் பாலிசி எடுத்தார். நாலு மாதம் கழித்து ஸ்டேட்மென்டோடு வந்தார். ஒரு வரியின் கீழ் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"தம்பி, நான் கட்டினது 50,000. யூனிட் வாங்கினது 37,500-க்குத்தான். மிச்சம் எங்கே?"

"அது பிரீமியம் அலொகேஷன் சார்ஜ் சார், 25 பர்சென்ட்."

"சரி, அது யாருக்குப் போகுது?"

கமிஷன் அதிலிருந்துதான் எங்கள் வங்கிக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. மாதாமாதம் யூனிட் எண்ணிக்கை குறைவதையும் அவர் குறித்து வைத்திருந்தார். ஆயுள் காப்பீட்டுக்கான கட்டணத்தை யூனிட்டைக் கழித்துத்தான் எடுப்பார்கள். அறுபது வயதில் அந்தக் கட்டணம் அதிகம். பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்ட அந்த மனிதருக்குக் காப்பீடே தேவைப்படவில்லை. பாலிசியைத் திருப்பிக் கொடுக்க இருந்த 15 நாள் அவகாசமும் முடிந்திருந்தது. கையெழுத்து வாங்குமுன் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

2010 செப்டம்பரில் யூலிப் விதிகள் மாறின. கட்டணங்களுக்கு வரம்பு வந்தது, லாக்-இன் 5 வருடமானது. நான் வங்கியை விட்டு, தேர்வெழுதி மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆனேன்.

இந்தத் தொழிலில் கட்டணம் கண்ணில் படாது. 2009 ஆகஸ்ட் வரை 2.25 சதவீதம் வரை நுழைவுக் கட்டணம் நேரடியாகவே பிடித்தார்கள். சந்தையைக் கண்காணிக்கும் செபி அதை நிறுத்திய பிறகு செலவெல்லாம் தினமும் என்.ஏ.வி.யிலேயே, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பிலேயே கழிகிறது. 2013 ஜனவரியில், விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான் வந்தது. அதே ஃபண்ட், அதே மேனேஜர், அதே பங்குகள். என் போன்றவர்களுக்கான கமிஷன் மட்டும் கிடையாது. அந்தக் கமிஷன் வருடத்துக்கு ஒரு சதவீதம்தானே என்பார்கள். 1 லட்சம் ரூபாய் 12 சதவீதத்தில் 20 வருடம் வளர்ந்தால் 9.65 லட்சம். அதுவே 11 சதவீதம் என்றால் 8.06 லட்சம். போட்ட பணத்தைவிடப் பெரிய தொகை அந்த ஒரு சதவீதத்தில் போகிறது.

அதற்காக, என் போன்றவர்கள் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானே வீண் என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்தபோது, ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னார். அந்த வாரம் மூன்று முறை அவரோடு பேசினேன். அவர் விற்கவில்லை. அவர் முதலீட்டில் எனக்கு வரும் கமிஷன் அந்த வாரத்துக்கானது என்றே நினைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறைகூடக் கூப்பிடாத ஆளுக்கு அதே கமிஷன் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

"இந்த ஃபண்ட் போன வருஷம் 40 பர்சென்ட் லாபம்" என்று யாராவது தாள் நீட்டினால், அதே காலத்தில் டிவிடெண்டையும் சேர்த்து சென்செக்ஸ் போன்ற குறியீட்டெண் எவ்வளவு வளர்ந்தது, ஏழு வருடம், பத்து வருடம் பார்த்தால் எப்படி என்று கேளுங்கள். 2018 முதல் ஃபண்டுகள் டிவிடெண்ட் சேர்ந்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது விதி.

போன மாதம் அரசு மருத்துவமனை செவிலியர் ஒருவர் வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டில், விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். பெரும்பாலோர் அந்தப் பக்கம் வரை புரட்டுவதில்லை. நானே எடுத்துக் காட்டினேன். "இவ்வளவாண்ணா?" என்றார். பழைய யூனிட்டை டைரக்டுக்கு மாற்றினால் அது விற்றதாகவே கணக்காகி மூலதன ஆதாய வரி வரலாம், அதனால் இருப்பது இருக்கட்டும், மாதாமாதம் போடும் புது எஸ்.ஐ.பி.யை டைரக்டில் போடுங்கள் என்றேன். என் மேசையில் உட்கார்ந்தே போனில் கணக்குத் தொடங்கினார். மாதம் 5,000, ஒவ்வொரு 7-ஆம் தேதியும்.