கடல் வழிவிட்ட காலை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கடல் வற்றினால் சேறும், கெராங் சிப்பி பொறுக்குகிறவர்களும்தான் என் கண்ணுக்கு வரும். போன மாதம் அக்காவோடு தைவானின் பெங்ஹூ தீவுகளுக்குப் போனேன். குய்பிஷான் கரையில் நீர் வற்ற வற்ற, எதிரே இருந்த குட்டித் தீவுக்குச் சுமார் 300 மீட்டர் கல் பாதை வளைந்து வளைந்து எழுந்தது. எல்லாம் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட் கல்.

நான் குனிந்தேன். ஒரு குழியில் கையளவு தண்ணீர், அதில் நகம் அளவு நண்டு. என் நிழல் பட்டதும் கல்லிடுக்கில் பதுங்கிக்கொண்டது.

“இங்க பாரு, நம்ம ஊர் சேறு காஞ்சு வெடிச்ச மாதிரியே இருக்கு!” என்றாள் அக்கா. சரியாகத்தான் சொன்னாள். குழம்பு ஆறிச் சுருங்கும்போதும் அப்படித்தான் வெடிக்கும். பெங்ஹூவின் கல் தூண்கள் உருவானதும் அப்படியே.

அப்புறம், நீர் ஏறுகிறது என்று எச்சரிக்கும் விசில் சத்தம். திரும்பி நடந்தோம். கரையேறும்முன் தண்ணீர் எங்கள் சிலிப்பரை நனைத்துவிட்டது.