ஆறே அணுக்கள்: டென்னஸின் 293, 294

117-ஆம் தனிமம் டென்னஸின். ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்தில் முதலில் பதிவாகி 2010-இல் அறிவிக்கப்பட்டவை ஆறே அணுக்கள்: ஐந்து 293, ஒன்று 294 (கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை).

பெரும்பாடு இலக்குப் பொருளில்தான், அதாவது கற்றை வந்து மோத வேண்டிய தனிமத்தில். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் உலையில் சுமார் 250 நாள் நியூட்ரான் கதிர்வீச்சு, 90 நாள் சுத்திகரிப்பு. தேறியது 22 மில்லிகிராம் பெர்க்கீலியம்-249. அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) ஏறக்குறைய 330 நாள். தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கலிஃபோர்னியமாகிக் கைவிட்டுப் போகும்!

அதை மெல்லிய டைட்டானியத் தகடுகளில் பூசி, சக்கரமாகச் சுழற்றிக்கொண்டே கால்சியம்-48 கற்றையைப் பாய்ச்ச வேண்டும். சுழலாவிட்டால் ஒரே இடத்தில் சூடேறி இலக்கு பாழ்.

249-உம் 48-உம் இணைந்தால் 297. கற்றையின் ஆற்றல் 252 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் நான்கு நியூட்ரான் கழன்று 293. 247 என்றால் மூன்று கழன்று 294. இணைந்த கருக்களில் மிகப் பெரும்பாலானவை உடனே பிளந்துவிடும். அதனால்தான் மாதக்கணக்கான ஓட்டம்.

சிலிக்கான் உணரியில் அணு புதைந்த அதே புள்ளியில் ஆல்ஃபாத் துகள்கள் (ஹீலியம் கருக்கள்) வரிசையாக வந்தால்தான் கணக்கு. 293 சிதைந்து மாறும் வரிசை: மாஸ்கோவியம்-289, நிஹோனியம்-285, ரான்ட்ஜெனியம்-281, பிறகு பிளவு.

என்னை அசத்துவது இதுதான்: 293-க்கு அரை ஆயுள் சுமார் 20 மில்லிவினாடி. ஒரே ஒரு நியூட்ரான் கூடிய 294-க்குச் சுமார் 50.