ஜெம் டாங் நாட்கள்

நவம்பர் 19, 2023

ஜெம் டாங் என்ற கடல்மீன் வந்துவிட்டது. புது மீனைத் தனியே வைத்துப் பார்க்கும் குவாரண்டைன் தொட்டியின் உப்பளவைப் பைத் தண்ணீருக்குச் சமமாக ஒப்படர்த்தி 1.021-க்கு இறக்கித் தயாராக வைத்திருந்தேன். தொட்டித் தண்ணீரைப் பையில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கவில்லை. நெடுநேரம் கட்டிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கிக் கிடக்கும், அதனால் அம்மோனியா பெரிதாகக் கடிக்காது. பையைப் பிரித்த பிறகு பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அதனால் பையை மிதக்கவிட்டு வெப்பம் சரியானதும் பிரித்து, டப்பாவில் ஏந்தி உடனே விட்டேன். வலை போட்டால் வாலடி முள் சிக்கிக்கொள்ளும்.

கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் வால். பிவிசி குழாய்க்குள் போய் நின்றுகொண்டது.

நவம்பர் 20

தின்னவில்லை.

நவம்பர் 21

தின்னவில்லை. கிளிப்பில் மாட்டிய நோரி, அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், ஊறிக் கிழிந்து தொங்குகிறது. வயிறு ஒட்டியிருக்கிறது.

நவம்பர் 23

ஒட்டுண்ணிகளுக்காகச் செம்பு மருந்து ஆரம்பம். ஒரேயடியாக ஏற்றாமல் சில நாட்களில் 2.25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2.25 பங்கு) கொண்டுபோக வேண்டும். தொட்டியில் மணலும் கல்லும் இல்லை, இருந்தால் செம்பை உறிஞ்சிவிடும். பெரிய தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்) ஊறிய ஸ்பாஞ்ச் மட்டும் ஓடுகிறது.

தின்னவில்லை.

நவம்பர் 25

அம்மா விலையைக் கேட்டாள். சொன்னேன். "கடல்ல சும்மா சுத்திக்கிட்டிருந்ததுக்கா?" என்றாள். அவள் அடுப்படிக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. மொரீஷியஸ், மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கக் கரை, இந்துமாக்கடலின் அந்த மேற்கு மூலையில்தான் இந்த மீன் உண்டு. ஒருவர் முங்கிப் பிடிக்க வேண்டும், உயிரோடு மேலே கொண்டுவர வேண்டும், அப்புறம் விமானம். விலை அதற்குத்தான். மஞ்சள் டாங்கை ஹவாயில் 2015-ல் முட்டையிலிருந்தே வளர்த்துக் காட்டினார்கள், இப்போது பண்ணை மீனே கடைக்கு வருகிறது. என் தொட்டியில் நிற்பது கடலில் பிடித்தது. இது செத்தால் பணம் போனதோடு முடியாது. அங்கே ஒரு மீன் வீணாகக் குறைந்திருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நவம்பர் 27

தின்றது! நோரியில் பூண்டுச்சாறு தடவி, தண்ணீரில் அடித்துவந்த பாசித் துண்டு போல ரப்பர் பேண்டால் ஒரு சின்னக் கல்லில் கட்டித் தரையில் போட்டேன். விளக்கை அணைத்துத் தள்ளி உட்கார்ந்தேன். முதலில் ஒரு கொத்து, அப்புறம் நிறுத்தவே இல்லை. பார்த்துவிட்டு எடுத்துவிடும் கல் என்பதால் செம்புக்குப் பயமில்லை. மனைவியை எழுப்பிக் காட்டினேன். தூக்கக் கலக்கத்திலும் சிரித்தாள்.

நவம்பர் 30

வெள்ளைப் புள்ளி நோய் எல்லா டாங்குக்கும் வரும். ஆனால் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பிறந்த மீனில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கிறேன். பிறவிப் புள்ளி தோலோடு படிந்திருக்கும், நோய்ப் புள்ளி உப்பு ஒட்டியது போல மேலெழும்பி நிற்கும். இரண்டு பக்கமும் படம் எடுத்து நேற்றைய படத்தோடு வைத்துப் பார்த்தேன். பக்கத் துடுப்பில் ஒன்று இருக்கிறதா? துடுப்பை அசைத்துக்கொண்டே இருக்கிறது.

செம்பு, மீன் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. அது உதிர்ந்து கூடு கட்டி, குஞ்சுகளை நீரில் விடும்போதுதான் கொல்லும். ஆகவே 30 நாளும் அளவு இறங்கக் கூடாது.

டிசம்பர் 3

மிக்ஜாம் புயல். இரவெல்லாம் மழை. இன்வெர்ட்டர் முழு சார்ஜ், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று.

டிசம்பர் 4

காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டு மாமாவும் மாமியும் மேலே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமிக்கு இழுப்பு. இன்வெர்ட்டர் நெபுலைசருக்கு. அதில் யோசிக்க எதுவும் இல்லை, மீன் தொட்டி ஒயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

பேட்டரி பம்ப் பெரிய தொட்டிக்கு. டாங்கையும் அதிலேயே விட்டால் ஒரே தொட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இவள் சொன்னாள். முடியாது. நோய் இருந்தால் எல்லா மீனுக்கும் தொற்றும், பெரிய தொட்டியில் பவளங்கள் இருப்பதால் செம்பும் போட முடியாது. குவாரண்டைன் தண்ணீரை மக்கால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். நானும் இவளும் மாறி மாறி. மாமாவும் வந்து, "குடுப்பா, நான் கொஞ்சம் ஊத்தறேன்" என்று வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக் கட்டிலும் பீரோவும் கீழே தண்ணீரில் கிடக்கின்றன.

டிசம்பர் 5

கரண்ட் இல்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. மீனுக்கு மூச்சு வேகமாக வாங்குகிறது. மாமி பரவாயில்லை.

டிசம்பர் 6

சாயங்காலம் கரண்ட் வந்தது. செம்பு 2.1. அம்மோனியா ஏறியிருக்கிறது, ஸ்பாஞ்சில் இருந்த பாக்டீரியா பாதி செத்திருக்கும். தின்னவில்லை.

டிசம்பர் 7

தின்னவில்லை. இடப்பக்கம் வாலருகே ஒரு புள்ளி, நவம்பர் 30 படத்தில் இல்லை. படம் மங்கலா, புள்ளி புதியதா?

டிசம்பர் 8

நோரியை ஒரு கொத்து கொத்தித் துப்பியது. அம்மோனியாவைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும். வீட்டு ஆர்ஓவுக்கு வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, அதை நம்ப மாட்டேன். கேன்காரர் நாளைக் காலை இரண்டு கேன் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். உப்பு கையில் இருக்கிறது. புதுத் தண்ணீரிலும் செம்பை 2.25-க்குக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.