பறவூர் யூதத் தெருவில் ஒரு முற்பகல்

கொச்சிக்குச் செல்பவர்களில் பலரும் மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்ததும் கேரள யூதர்களின் கதை முடிந்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். அக்கதையின் பெரும்பகுதி வடக்கே, வட பறவூரின் பழைய யூதத் தெருவில் இருக்கிறது. முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் சீரமைக்கப்பட்ட அங்குள்ள ஜெப ஆலயம் இன்று கேரள யூதர் வரலாற்று அருங்காட்சியகமாக இயங்குகிறது.

பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களை அகநானூற்றில் படித்தவர்களுக்கு இந்த வட்டாரம் அந்நியமானதல்ல. பண்டைய துறைமுகமான முசிறியாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதும் பட்டணம் அகழாய்வுக் களம் பக்கத்திலேயே உள்ளது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு, அவன் முயிரிக்கோட்டில், அதாவது முசிறியில், இருந்தபோது அளித்த கொடை என்றே குறிப்பிடுகிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை, பல்லக்கு, குடை, பகல்விளக்கு, நடக்க விரிக்கும் துணியான பாவாடை எனச் செல்லும் அந்த உரிமைகளை, வட்டெழுத்தில் உள்ள அந்த வாசகத்தை யாராவது உரக்கப் படித்தால், தமிழர் எவரும் பாதிக்குமேல் புரிந்துகொள்ளலாம்.

இப்போதுள்ள ஜெப ஆலயத்தை 1616-இல் கட்டியவர் யூத சமூகத் தலைவராக இருந்த டேவிட் யாக்கோபு காஸ்தியேல். அத்தலைவர்களுக்குக் கொச்சி மன்னர்கள் அளித்த பட்டம் முதலியார். தெருவிலிருந்து பார்த்தால் இது வழிபாட்டிடமாகவே தெரியாது. ஓடு வேய்ந்த மாடிவீடு ஒன்றின் முகப்பு போலத்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகுதான் அதன் நீளம் புலப்படுகிறது. வாயில் கட்டடம், அதையடுத்து முற்றம், தடித்த தூண்கள் தாங்கும் நடைபாதை, அசாரா எனப்படும் முன்கூடம், இவற்றையெல்லாம் கடந்துதான் தொழுகைக் கூடத்தை அடைகிறோம். வெளியில் அடித்த வெயிலுக்கு, சுண்ணாம்புப் பூச்சுடைய அந்தக் கனத்த சுவர்களுக்கிடையே நடப்பது இதமாக இருந்தது.

கூடத்தில் நான் நெடுநேரம் நின்றது மேல்மாடத்தின் கீழேதான். தோரா எனும் யூத மறைநூலை வாசிக்கும் மேடை கூடத்தின் நடுவே இருப்பது வழக்கம். கேரளத்தில் மட்டும் மாடியிலும் இரண்டாவது மேடை ஒன்று உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகை நாட்களிலும் அங்கிருந்து வாசிப்பார்கள். அதன் பின்னாலேயே மரத்தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமரும் பகுதி இருப்பதால், வாசிப்பு நிகழும் இடத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள் அவர்களே. இப்பெண்கள் மலையாளத்தில் பாடிய பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தார்கள் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணும்போது, தனிப் படிக்கட்டும் தடுப்பும் மட்டும் முழுக்கதை ஆகாது என்று தோன்றியது.

கூடத்தில் தோரா சுருள்களை வைக்கும் பேழையும் மேடையும் நகல்களே. மூலங்கள் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டன. எனக்கு இது சற்று வருத்தம் அளித்தாலும், மக்களே 1950-களில் பெருமளவில் அங்கே குடிபெயர்ந்த பிறகு, பொருள் யாருடையது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. அவர்களை இங்கிருந்து எவரும் துரத்தவில்லை என்பது கேரளம் நியாயமாகப் பெருமைப்படக்கூடிய ஒன்று. ஆனால் அந்த இணக்கத்தைப் பேசுவோர், பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்கள் மட்டாஞ்சேரியிலுள்ள தங்கள் ஆலயத்தில் சக யூதர்கள் சிலருக்குச் சம உரிமை மறுத்ததையும், அதற்கு எதிராக யூத வழக்கறிஞர் ஏ. பி. சேலம் காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்ததையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சாதி நம்மவர்களின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

பறவூர் வரை வருபவர்கள் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள சேந்தமங்கலத்தையும் விட்டுவிடக்கூடாது. அங்குள்ள ஜெப ஆலயமும் அருங்காட்சியகமே. அதன் முன்னே 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த, சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல் நிற்கிறது. எறணாகுளத்திலிருந்து பறவூருக்குப் பேருந்து வசதி உண்டு. காலையிலேயே கிளம்பி இவ்விரண்டையும் பார்த்துவிட்டு மட்டாஞ்சேரியைக் கடைசியாக வைத்துக்கொண்டால், அங்குள்ள கூட்ட நெரிசலிலும் எதைப் பார்க்கவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.